ஏசி சர்வீஸ் தொழிலில் ஸ்பேர் இருப்பை ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஏற்றுவது எப்படி?

மதுரையில் ஓர் ஏசி சர்வீஸ் நிறுவனத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் எழுதிவந்த ஸ்பேர் கணக்கை ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளுக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தபோது, உதவிக்குக் கிடைத்த வீடியோக்கள் எல்லாமே கடையில் வைத்துச் சரக்கு விற்பவர்களுக்கும் ஆலையில் பொருள் செய்பவர்களுக்கும் சொன்னவையாகவே இருந்தன. சர்வீஸ் தொழிலில் சரக்கு குடோனில் உட்கார்ந்திருப்பதில்லை. காலையில் டெக்னீசியன் பையில் ஏறுகிறது, மத்தியானம் வாடிக்கையாளர் வீட்டு ஏசிக்குள் போய்விடுகிறது, அங்கே கழற்றிய பழுதான போர்டு சாயங்காலம் நம் மேசைக்கு வந்து சேர்கிறது. இந்த அலைச்சலைக் கணக்கில் பிடிப்பதற்கான வழிதான் கீழே இருக்கிறது. வாட்டர் பியூரிஃபயர், யுபிஎஸ், சிசிடிவி என்று ஸ்பேரோடு ஊர் சுற்றுகிற எந்தத் தொழிலுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மென்பொருளைக் கற்றுக்கொள்வது கடினமே இல்லை. ஆனால் பிறகு மாற்றமுடியாத சில முடிவுகளை அது ஆரம்பத்திலேயே உங்களிடம் கேட்டுவிடும். அந்த நேரத்தில் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஆகவே கீழே எங்கெல்லாம் ‘பிறகு மாற்றமுடியாது’ என்று வருகிறதோ அங்கே மட்டுமாவது நின்று படியுங்கள்.

1. நாள் குறிப்பது

ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கலாம் என்று ஆடிட்டர் சொல்வார். நிதியாண்டின் முதல் நாள், அவருக்கு வசதி. நமக்கோ அது சீசன் சூடுபிடிக்கும் நேரம். மார்ச் பாதியில் ஆரம்பித்து அக்னி நட்சத்திரம் முடியும்வரை ஸ்டோரில் நிற்கக்கூட நேரம் இருக்காது. அப்போது புதிய முறையைப் புகுத்தினால் ஒரே வாரத்தில் எல்லோரும் நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை மந்தமாக இருக்கும். அப்போது தொடங்குங்கள். தேதி மட்டும் மாதத்தின் 1-ஆம் தேதியாக இருக்கட்டும், ஜிஎஸ்டி மாதக் கணக்கோடு ஒத்துப்பார்க்க எளிது. நவம்பர் 1 என்று வைத்துக்கொண்டால், அக்டோபர் முழுவதையும் பட்டியல் தயாரிப்பதற்கு ஒதுக்குங்கள். பொருள் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் அதிக நேரம் தின்னும். கணினியில் ஏற்றுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

2. எங்கே ஓட்டுவது, எவ்வளவு ஆகும்

ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கியது. உரிமக் கட்டணம் கிடையாது, எத்தனை பேர் பயன்படுத்தினாலும் தலைக்கு இவ்வளவு என்று வசூலும் கிடையாது. இதை ‘இலவசம்’ என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். செலவு வேறு இடங்களில் வரும்.

முதல் செலவு சர்வர். சொந்தமாக மேகக் கணினி எடுத்தால் 4 ஜிபி ரேமுக்குக் கீழே போகவேண்டாம், ஏறக்குறைய மாதம் 2,000 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் கையில் இல்லாவிட்டால் ஃபிராப்பேயின் சொந்த மேகச் சேவையில் எடுப்பது நல்லது. பேக்கப், அப்டேட் தலைவலி குறையும்.

இரண்டாவது, அமைத்துத் தருபவரின் கூலி. இது ஆளுக்கு ஆள் வேறுபடும். மொத்தத் தொகை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் பட்டியல் ஏற்றுவது, பயிற்சி, பில் வடிவமைப்பு, முதல் மூன்று மாத ஆதரவு என்று தனித்தனியாக விலை கேளுங்கள். எங்களுக்கு வந்தவர் பயிற்சி என்று சொல்லி ஒரு சாயங்காலம் திரையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு ஒவ்வொரு போனுக்கும் கட்டணம். சர்வரின் அட்மின் கடவுச்சொல்லும் டொமைன் பெயரும் உங்கள் பெயரில் இருக்கவேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது சில்லறைச் சாமான்கள். வயருள்ள பார்கோடு ஸ்கேனர் ஒன்று சுமார் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். லேபிள் பிரிண்டர் அதைப்போலப் பல மடங்கு, அதை இப்போதே வாங்கவேண்டியதில்லை. ஏ4 ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து ரேக்கில் ஒட்டினால் முதல் வருஷம் ஓடிவிடும். எடைத் தராசு மட்டும் கட்டாயம் வேண்டும். ஏன் என்று கேஸ் பற்றிச் சொல்லும்போது புரியும்.

3. கையில் வைத்துக்கொள்ளவேண்டிய காகிதங்கள்

தொடங்கும் முன் இவற்றை ஒரு ஃபைலில் சேருங்கள்: கடைசியாக ஆடிட்டரிடம் கொடுத்த இறுதி இருப்புப் பட்டியல், ஒரு வருஷக் கொள்முதல் பில்கள், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், டெக்னீசியன்களின் பெயரும் அவர்கள் கையில் இப்போது உள்ள ஸ்பேரின் பட்டியலும், எந்தெந்த ஏசி கம்பெனிக்குப் பழுதான பாகம் திருப்பி அனுப்பவேண்டியிருக்கிறது என்ற விவரம்.

ஜிஎஸ்டி சான்றிதழை எடுத்ததும் அதிலுள்ள முகவரிகளைப் பாருங்கள். முதன்மை இடம் போக, கூடுதல் இடங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த குடோன், மாமனார் வீட்டு மாடியில் அடுக்கிய அவுட்டோர் யூனிட்டுகள் எல்லாம் அங்கே இருக்கின்றனவா? பல பேருக்கு இருக்காது. சரக்கு வைக்கும் எந்த இடமும் பதிவில் இருக்கவேண்டும். மாற்றம் நடந்து 15 நாளுக்குள் ஆர்இஜி-14 படிவத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. வாடகை ஒப்பந்தம் (இலவசமாக விட்டிருந்தால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம்), அதோடு உரிமையாளர் பெயரில் மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீது போதும். இதற்கு அரசுக் கட்டணம் இல்லை. அதிகாரியின் ஒப்புதல் வர நாளாகலாம் என்பதால் மென்பொருள் வேலைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

4. இடங்களை வரைவது

ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ‘வேர்ஹவுஸ்’ என்பது கட்டடம் மட்டுமல்ல, சரக்கு இருக்கக்கூடிய எந்த இடமும் வேர்ஹவுஸ்தான். டெக்னீசியனின் பையும் அப்படித்தான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நிறுவனத்தின் பெயரைப் பதிந்ததுமே ஸ்டோர்ஸ், வொர்க் இன் புராகிரஸ், ஃபினிஷ்டு குட்ஸ், குட்ஸ் இன் டிரான்சிட் என்று சில இடங்களை அதுவே உருவாக்கி வைத்திருக்கும். நமக்கு உற்பத்தி கிடையாது, நடு இரண்டும் தேவையில்லை. நீங்கள் உருவாக்கவேண்டியவை ஏறக்குறைய இவை:

மெயின் குடோன் (குழு). அதன் கீழே ரேக் ஏ, ரேக் பி, கேஸ் சிலிண்டர் இடம், காப்பர் இடம்.
டெக்னீசியன் பைகள் (குழு). அதன் கீழே ஆளுக்கு ஒன்று.
கம்பெனி வாரன்டி ஸ்பேர். ஏசி கம்பெனி இலவசமாக அனுப்பும் பாகங்கள் நம் காசில் வாங்கியவற்றோடு கலக்கவே கூடாது.
பழுது - திருப்பி அனுப்பவேண்டியது.
பழுது - காயலான்.

குழு என்று டிக் செய்த இடத்தில் சரக்கை நேரடியாகப் போடமுடியாது, அதன் கீழுள்ள இடத்தில்தான் போடமுடியும். சரக்குப் பதிவு நடந்த இடத்தை அப்புறம் குழுவாக மாற்றவும் விடாது. ஆகவே எது குழு, எது இடம் என்று முதலில் காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேர்ஹவுஸ் போடும் ஆசை வரும். வேண்டாம். ஸ்டோரில் ஒரே ஆள் இருக்கும் இடத்தில் ‘ரேக் ஏ, மூன்றாம் தட்டிலிருந்து நான்காம் தட்டுக்கு’ என்று யாரும் பதிவு போடப்போவதில்லை. தட்டு எண்ணைப் பொருளின் விவரத்தில் எழுதிவைத்தால் போதும்.

டெக்னீசியன் பையை ஆள் பெயரில் வைப்பதா, எண்ணில் வைப்பதா? எண்ணில் வையுங்கள். ‘பை 01’, ‘பை 02’. ஆள் மாறுவார், பை மாறாது. மாறும் நாளில் பையை எண்ணி ஒப்படைத்துவிட்டால் பழைய கணக்கு அப்படியே தொடரும்.

5. பொருள் பட்டியல்

இங்கேதான் மெதுவாகப் போகவேண்டும்.

முதலில் பெயர். ஒரே பொருளை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். ‘கன்டென்சர்’ என்று கேட்டால் சிலர் கெபாசிட்டரைத் தருவார்கள், சிலர் அவுட்டோரிலுள்ள காயிலைக் காட்டுவார்கள். பெயருக்கு ஒரு ஒழுங்கு வையுங்கள்: வகை, அளவு, பிராண்டு. ‘கெபாசிட்டர் ரன்னிங் 45 எம்எஃப்டி’, ‘கெபாசிட்டர் ஃபேன் 2.5 எம்எஃப்டி’, ‘காப்பர் பைப் 3/8 இஞ்ச்’. தேடும்போது ‘கெபா’ என்று அடித்ததும் எல்லாம் வரிசையாக வந்துநிற்கும். எல்லா கம்பெனி ஏசிக்கும் பொருந்தும் பாகத்தில் பிராண்டைச் சேர்க்காதீர்கள். பிசிபி போர்டில் கட்டாயம் சேருங்கள், பாக எண்ணோடு.

அடுத்தது ‘மெயின்டெய்ன் ஸ்டாக்’ என்ற டிக். பாகங்களுக்கு வேண்டும். சர்வீஸ் சார்ஜ், இன்ஸ்டாலேஷன் கூலி, கேஸ் நிரப்பும் கூலி போன்றவற்றுக்கு எடுத்துவிடவேண்டும். எடுக்க மறந்தால் ‘வெட் சர்வீஸ் மைனஸ் 340’ என்று இருப்புப் பட்டியலில் வந்து நிற்கும், அல்லது ‘சரக்கு இல்லை’ என்று பில்லே போடவிடாது. ஒரு தடவை பதிவு நடந்துவிட்டால் பிறகு மாற்றமுடியாது. பொருளை முடக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கவேண்டும்.

அப்புறம் அலகு. இருப்பை எந்த அலகில் வைத்திருக்கிறோமோ அதுவும் முதல் பதிவுக்குப் பிறகு மாற்றமுடியாதது. நம் தொழிலில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பொருள்கள் உண்டு.

காப்பர் பைப்பைக் கடையில் காயிலாகவோ கிலோவாகவோ வாங்குகிறோம், வாடிக்கையாளருக்கு அடிக் கணக்கில் பில் போடுகிறோம். இருப்பு அலகை எப்போதும் சிறியதில் வையுங்கள், அதாவது அடி. 50 அடி காயில் என்றால் பொருளின் அலகுப் பட்டியலில் ‘காயில் = 50’ என்று போட்டுவிட்டால், கொள்முதலில் 2 காயில் என்று அடித்ததும் 100 அடி ஏறும். கிலோவில் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு கிலோவுக்கு எத்தனை அடி என்பது விட்டத்தையும் சுவர் தடிமனையும் பொறுத்து மாறும். ஆகவே ஒவ்வொரு அளவையும் தனிப் பொருளாக வைத்து, ஒரு துண்டை அளந்து எடைபோட்டு அந்த விகிதத்தை எழுதுங்கள். அடி என்ற அலகில் ‘முழு எண் மட்டும்’ என்ற டிக் இருக்கக்கூடாது. இருந்தால் ஏழரை அடி பைப்பைப் பில் போடமுடியாது.

இரண்டாவது கேஸ். ஆர்32, ஆர்410ஏ, ஆர்22 ஒவ்வொன்றும் தனிப் பொருள், அலகு கிலோ. சிலிண்டர் எண்ணிக்கையில் வைத்தால் கணக்கு ஒருநாளும் நேராகாது. டெக்னீசியன் பாதி சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? காலையில் எடுத்துப்போகும்போது தராசில் வைத்து எடை, மாலையில் திரும்பும்போது எடை. வித்தியாசம்தான் செலவு. சிலிண்டரின் வெற்று எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், அதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு என்று தெரிந்துவிடும். டெபாசிட் கட்டி வாங்கும், திருப்பி நிரப்பும் சிலிண்டராக இருந்தால் காலிச் சிலிண்டரையும் ஒரு பொருளாகப் பதியுங்கள். வைத்திருப்பது எத்தனை, கடைக்காரரிடம் உள்ளது எத்தனை என்று சண்டை வராமல் இருக்கும்.

சீரியல் நம்பர் வைப்பதா? கம்ப்ரஸர், பிசிபி போர்டு, முழு ஏசி ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள். வாரன்டி கேட்டு வாடிக்கையாளர் போன் செய்யும்போது எந்தப் பில்லில், எந்தத் தேதியில் போனது என்று எண்ணை அடித்ததும் வரும். ஆர்வக்கோளாறில் கெபாசிட்டருக்கும் ரிமோட்டுக்கும் வைத்துவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் எண் கேட்டு உயிரை வாங்கும். சீரியல் உண்டா இல்லையா என்பதும் முதல் பதிவுக்குப் பிறகு மாற்றமுடியாத வகை.

எச்எஸ்என் எண்ணை (ஜிஎஸ்டியில் சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) பொருள் பட்டியல் ஏற்றும்போதே போட்டுவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் 4 இலக்கம், மேலே போனால் 6 இலக்கம். கெபாசிட்டர் 8532, கம்ப்ரஸர் 8414, செம்புக் குழாய் 7411, ஏசியின் மற்ற பாகங்கள் பெரும்பாலும் 8415. வாங்கிய பில்லில் போட்டிருப்பதோடு ஒப்பிட்டு, ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் எக்செல்லில் தயாரித்து ‘டேட்டா இம்போர்ட்’ வழியாக ஏற்றலாம். முதலில் பத்து வரிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதி. எக்செல் முன்பூஜ்யத்தை விழுங்கிவிடும் என்பதால் பாக எண் உள்ள நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

6. எண்ணுவதும் ஆரம்ப இருப்பும்

ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். எண்ணும் நாளில் ஒரு ஸ்குரூகூட வெளியே போகக்கூடாது. இருவர் இருவராக எண்ணுங்கள், ஒருவர் சொல்ல ஒருவர் எழுத. எழுதுபவர் கையில் பழைய கணக்கு இருக்கக்கூடாது. இருந்தால் எண்ணாமலேயே அதைப் பார்த்து எழுதிவிடுவார். டெக்னீசியன் பைகளும் அன்றே காலியாகி மேசைமீது கொட்டப்படவேண்டும். யாரையும் திருடன் என்று நினைப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் இருக்க, இன்று என்ன இருந்தாலும் கேள்வி இல்லை, நாளையிலிருந்துதான் கணக்கு என்று முதலாளி வாயாலேயே சொல்லவையுங்கள். அப்படிச் சொன்ன பிறகுதான் பைகளின் அடியிலிருந்து சரக்கு வெளியே வரும்.

ஏற்றுவதற்கு ‘ஸ்டாக் ரீகன்சிலியேஷன்’ பக்கத்தைத் திறந்து, நோக்கம் ‘ஓப்பனிங் ஸ்டாக்’ என்று தேர்ந்தெடுங்கள். பொருள், இடம், எண்ணிக்கை, வாங்கிய விலை ஆகியவை வேண்டும். வித்தியாசக் கணக்காக ‘டெம்பரரி ஓப்பனிங்’ வரவேண்டும். விலையைக் கடைசியாக வாங்கிய பில்லிலிருந்து, வரி நீங்கலாக எடுங்கள். வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொண்டபின் அதையே சரக்கின் விலையிலும் சேர்த்தால் லாபம் தப்பாகக் காட்டும். பட்டியலில் வரிசைகள் நூறைத் தாண்டினால் வேலை பின்னணியில் ஓடும். திரையில் உடனே மாற்றம் தெரியவில்லையே என்று மறுபடி அழுத்தாதீர்கள். சீரியல் உள்ள பொருள்களைத் தனி ஆவணமாக ஏற்றுங்கள், தவறு வந்தால் கண்டுபிடிக்க எளிது.

கம்பெனி இலவசமாக அனுப்பிய வாரன்டி ஸ்பேருக்கு விலை பூஜ்யம். அந்த வரிசையில் ‘அலோ ஜீரோ வேல்யுவேஷன் ரேட்’ என்று டிக் போடாவிட்டால் விலை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காக ஏதோ ஒரு ரூபாய் என்று போட்டுவைக்கவேண்டாம்.

7. தினசரி ஓட்டம்

தினமும் நடப்பவை நான்குதான்.

சரக்கு வருவது: பில்லும் சரக்கும் சேர்ந்தே வந்தால் ‘பர்ச்சேஸ் இன்வாய்ஸ்’ ஒன்றே போதும், அதில் ‘அப்டேட் ஸ்டாக்’ டிக் இருக்கவேண்டும். சரக்கு முன்னாலும் பில் பின்னாலும் வந்தால் ‘பர்ச்சேஸ் ரெசிப்ட்’ போட்டு, பில் வந்ததும் அந்த ரெசிப்டிலிருந்தே இன்வாய்ஸை உருவாக்குங்கள். ரெசிப்டை ஸ்டோர்கீப்பர் போட, அது தெரியாமல் கணக்குப் பிள்ளை ‘அப்டேட் ஸ்டாக்’ டிக்குடன் தனியாக இன்வாய்ஸ் போட்டால் இருப்பு இரண்டு மடங்காகும். இரண்டில் எந்த வழி என்று நிறுவனத்துக்கு ஒரே பழக்கம் வையுங்கள்.

பைக்கு மாற்றுவது: ‘ஸ்டாக் என்ட்ரி’யில் ‘மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்’. எங்கிருந்து: ரேக் ஏ. எங்கே: பை 03. இது கழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. “அண்ணே, ரெண்டு கெபாசிட்டர் எடுத்துக்கிறேன், அப்புறம் எழுதிக்குங்க” என்று காலை ஒன்பது மணிக்கு வரும் குரலுக்கு இடம் கொடுக்காதீர்கள். கணினி முன்னால் உட்கார நேரமில்லையா, ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கி, கூட்டம் கலைந்ததும் பதியுங்கள். சீட்டில்லாமல் ஸ்பேர் வெளியே போகக்கூடாது.

பயன்படுத்துவது: வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் பாகம் என்றால் ‘சேல்ஸ் இன்வாய்ஸ்’, ‘அப்டேட் ஸ்டாக்’ டிக்கோடு. இங்கே இடம் என்ற கட்டத்தில் மெயின் குடோனைப் போட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மாட்டியது டெக்னீசியன் பையிலிருந்து, ஆகவே அந்தப் பையின் பெயர் வரவேண்டும். தவறினால் குடோனில் சரக்கு இருந்தும் கணக்கில் குறையும், பையில் தீர்ந்தும் கணக்கில் நிற்கும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தத்திலோ வாரன்டியிலோ காசில்லாமல் மாட்டிய பாகத்துக்கு ‘மெட்டீரியல் இஷ்யூ’. குறிப்பில் புகார் எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு ஏஎம்சி வாடிக்கையாளரும் வருஷத்துக்கு எவ்வளவு ஸ்பேர் தின்கிறார் என்று பார்த்துப் புதுப்பிக்கும்போது விலை சொல்ல இது உதவும்.

பழுது திரும்புவது: கழற்றிய பாகம் ‘பழுது - திருப்பி அனுப்பவேண்டியது’ இடத்துக்கு ‘மெட்டீரியல் ரெசிப்ட்’டாக, பூஜ்ய விலையில் வரவேண்டும். நல்ல போர்டும் பழுதான போர்டும் ஒரே பொருள் பெயரில் இருந்தாலும் இடம் வேறு என்பதால் குழப்பம் வராது. ஆனால் நம் காசில் வாங்கிய பாகத்துக்குச் சராசரி விலை முறை வைத்திருந்து, பூஜ்ய விலைப் பழுது அதே பெயரில் சேர்ந்தால் பின்னால் மதிப்பைப் புரட்டிப் பார்க்கும்போது தலை சுற்றும். பழுதுக்கென்று ‘- பழுது’ என்று முடியும் தனிப் பொருள் வைப்பதே என் பழக்கம். ஏசி கம்பெனிகள் பழைய பாகம் திரும்பி வந்தால்தான் புதியதற்கான கணக்கை முடிப்பார்கள். அதற்குக் கெடு வைத்திருப்பார்கள், தாண்டினால் பாகத்தின் விலையை நம் கணக்கில் பற்று எழுதிவிடுவார்கள். வாரம் ஒருமுறை இந்த இடத்தின் இருப்பைத் திறந்து, பழையதிலிருந்து பார்சல் கட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பொறி ஒன்று உண்டு. ‘சேவ்’ போட்டால் அது வரைவுதான், இருப்பு ஒன்றும் மாறாது. ‘சப்மிட்’ அழுத்தினால்தான் ஏறும், இறங்கும். பழகாதவர்கள் நாள் முழுக்கச் சேவ் போட்டுவிட்டு ‘சிஸ்டம் தப்பாகக் காட்டுகிறது’ என்பார்கள். மாலையில் கடை அடைக்கும் முன் ஸ்டாக் என்ட்ரி பட்டியலில் ‘டிராஃப்ட்’ என்று வடிகட்டிப் பாருங்கள். ஒன்றும் நிற்கக்கூடாது. சப்மிட் ஆனதைத் திருத்த முடியாது, ரத்து செய்து ‘அமென்ட்’ (திருத்திய நகல்) போடவேண்டும். இது தொல்லையாகத் தோன்றினாலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் நிற்கிறதே, அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

8. ஒரு குடோனிலிருந்து இன்னொன்றுக்கு

ஒரே ஜிஎஸ்டி எண்ணில், ஒரே மாநிலத்துக்குள் இரண்டு குடோன் என்றால் மாற்றுவது விற்பனை அல்ல. வரி பில் வேண்டாம், டெலிவரி சலான் வேண்டும். வரிசை எண்ணோடு, மூன்று பிரதிகள். எண் 16 எழுத்துக்கு மிகக்கூடாது. தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும். வேறு மாநிலத்துக்கு என்றால் அந்த வரம்பு 50,000 ரூபாய்தான். பத்து ஏசி ஏற்றிய வண்டி எளிதாக ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும், அதற்கு விற்பனையா மாற்றமா என்ற பேதம் கிடையாது. இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற கூடுதல் செயலியை நிறுவிக்கொண்டால் ஈஆர்பிநெக்ஸ்ட்டுக்குள்ளிருந்தே இ-வே பில் எடுக்கலாம்.

9. பூட்டவேண்டியவை

‘ஸ்டாக் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘அலோ நெகட்டிவ் ஸ்டாக்’ என்று ஒன்று இருக்கும். முதல் வாரத்திலேயே யாராவது அதை டிக் செய்யச் சொல்லி நச்சரிப்பார்கள், பில் போகவில்லை என்று. தொடாதீர்கள். மைனஸ் இருப்பு வருகிறது என்றால் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது, அதைத் தேடிப் போடுவதுதான் வழி. திறந்துவிட்டால் விலை மதிப்பும் சேர்ந்து கெடும், பின்தேதியிட்ட ஒவ்வொரு பதிவுக்கும் அது பின்னணியில் உட்கார்ந்து மறுகணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அதே பக்கத்தில் ‘ஸ்டாக் ஃப்ரோசன் அப்டு’ தேதி. மாதக் கணக்கு முடித்து ஜிஎஸ்டி தாக்கல் ஆனதும் அந்த மாதக் கடைசித் தேதியை இங்கே போட்டுப் பூட்டிவிடுங்கள். டெக்னீசியன்களுக்கு லாகின் கொடுத்தால் ‘யூசர் பர்மிஷன்’ மூலம் அவரவர் பை மட்டும் தெரியும்படி வையுங்கள். சராசரி விலையும் அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

10. வாரந்தோறும் எண்ணுவது, தொலைந்ததை எழுதுவது

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணுவதைவிட வாரம் ஒரு பை, வாரம் ஒரு ரேக் என்று எண்ணுவது நல்லது. வித்தியாசம் வந்தால் மறுபடி ஸ்டாக் ரீகன்சிலியேஷன், இந்த முறை நோக்கமும் ‘ஸ்டாக் ரீகன்சிலியேஷன்’தான். அதில் எழுதவேண்டியது எண்ணிய மொத்தம், குறைந்த அளவு அல்ல. கணக்கில் 12, ரேக்கில் 9 என்றால் 9 என்று எழுதவேண்டும். 3 என்று எழுதினால் இருப்பு மூன்றாகிவிடும். நேற்று மாலை எண்ணியதை இன்று மத்தியானம் பதிந்தால், தேதியையும் நேரத்தையும் நேற்று மாலைக்கு மாற்றிவிட்டுப் பதியுங்கள். இல்லாவிட்டால் இன்று காலை வெளியே போனதெல்லாம் மறுபடி இருப்பில் சேர்ந்துவிடும்.

தொலைந்தது, உடைந்தது, இலவசமாகக் கொடுத்தது என்று எழுதித்தள்ளும் சரக்குக்கு நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பவேண்டும், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அப்படிச் சொல்கிறது. வாரன்டியில் இலவசமாக மாற்றிக்கொடுத்த பாகம் இதில் சேராது என்று 2023 ஜூலையில் வந்த சுற்றறிக்கை விளக்கியது. அதனால்தான் வாரன்டிச் செலவையும் தொலைந்ததையும் ஒரே தலைப்பில் போடக்கூடாது. மாதக் கடைசியில் இரண்டையும் பிரித்து ஆடிட்டருக்கு அனுப்புங்கள். ஜிஎஸ்டி விதி 56 கேட்கும் கணக்கில் தொலைந்தது, களவுபோனது, அழிந்தது, இலவசம், காயலான், கழிவு எல்லாமே வரும். ஆகவே வெட்டி எறிந்த காப்பர் துண்டுகளையும் கிலோவில் ‘பழுது - காயலான்’ இடத்தில் ஏற்றிவிட்டு, விற்கும்போது பில் போடுங்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்ற கேள்வியும் அதோடு நின்றுவிடும். கணக்குகளை ஆண்டு அறிக்கைத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும் என்பதால், சர்வரைக் காலி செய்யும் முன் பேக்கப் எடுத்து வெளியே ஒரு டிஸ்க்கில் வையுங்கள்.

11. சீசனுக்கு முன் மறு ஆர்டர்

நவம்பரில் தொடங்கியவர்களுக்கு ஜனவரிக்குள் இரண்டு மாதச் செலவு கணக்கில் இருக்கும், ஆனால் அது மழைக்காலச் செலவு. அதைப் பார்த்து மறு ஆர்டர் அளவை வைத்தால் ஏப்ரலில் கெபாசிட்டர் இல்லாமல் நிற்பீர்கள். போன வருஷ ஏப்ரல், மே மாதக் கொள்முதல் பில்களை (அதற்காகத்தான் ஒரு வருஷத்துக்குச் சேர்க்கச் சொன்னேன்) எடுத்து, எது எவ்வளவு வாங்கினோம் என்று பாருங்கள். பொருளின் பக்கத்தில் ‘ஆட்டோ ரீ-ஆர்டர்’ பகுதியில் மெயின் குடோனுக்கு அந்த அளவை எழுதி, ஸ்டாக் செட்டிங்ஸில் அதற்கான டிக்கையும் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். சரக்கு அந்த அளவுக்குக் கீழே போனதும் தினம் ஒருமுறை ஓடும் வேலை ‘மெட்டீரியல் ரிக்வெஸ்ட்’ ஒன்றைத் தானே உருவாக்கிவைக்கும். எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். இரண்டு கெபாசிட்டர், ஆர்32 கேஸ், கால் இஞ்ச், அரை இஞ்ச் காப்பர், அதிகம் போகும் ஓரிரு போர்டுகள், இவற்றுக்கு மட்டும் வையுங்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் ஆர்டர் போட்டுவிட்டால் சீசன் விலையேற்றத்துக்கு முன் சரக்கு குடோனுக்கு வந்துவிடும்.